இரண்டு விசில்

மார்ச் 22, சனி

இந்த டைரி பல் டாக்டர் கொடுத்தது. அவருடைய கிளினிக்கில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருக்கும் எனக்குப் புத்தாண்டுப் பரிசாம். ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் ஒரு பல் கைகால் முளைத்துச் சிரிக்கிறது. மூன்று மாதமாக இதைத் தொடவில்லை. இன்றைக்குத் தொடக் காரணம், செழியனோடு சண்டை. வாயில் வந்ததை எல்லாம் அவரிடம் சொல்லியாகிவிட்டது. வாயில் வராதது கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.

சண்டை, குழியைப் பற்றி. ஓக்லஹோமாவில் வீடு வாங்கினால் கூடவே ஒரு குழியும் வரும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. ஜனவரியில் குடிவந்தபோதுதான் பார்த்தேன். கார் நிறுத்தும் கராஜின் தரையில் ஓர் இரும்புக் கதவு. இழுத்தால் பக்கவாட்டில் நகரும். கீழே ஏழு படி, இரண்டு பக்கமும் பெஞ்சு. டொர்னேடோ என்கிற சுழல்காற்று வந்தால் ஆறு பேர் முட்டி இடிக்க உட்கார்ந்து, உள்ளிருந்து கதவைச் சாத்தித் தாழ் போட்டுக்கொள்ளலாம்.

நான் அதில் அரிசி வைத்திருக்கிறேன். இருபது பவுண்டு பொன்னி எட்டு மூட்டை, புளி, ஒரு வருடத்துக்கான மிளகாய், மாமா ஊரிலிருந்து கட்டித் தூக்கிவந்த நார்த்தங்காய் ஊறுகாய் ஜாடி, பழுதான கிரைண்டர், காலி சூட்கேஸ்கள். குளுகுளுவென்று இருக்கிறது, வண்டு வராது. இந்த வீட்டில் இதைவிட நல்ல இடம் கிடையாது.

"ஏப்ரல் வந்தா சீசன். அதைக் காலி பண்ணணும் வேதா" என்கிறார்.

"அரிசியை உங்க தலையில வைக்கவா?" என்றேன்.

திங்கட்கிழமையானால் இவர் டெக்சஸ் பக்கம் காற்றாலை வேலைக்குப் போய்விடுவார். வெள்ளிக்கிழமை வருவார். சில வாரம் அதுவும் இல்லை. அரிசியோடு குடும்பம் நடத்துவது நான்.

மார்ச் 23, ஞாயிறு

குழியிலிருந்து ஒரு மூட்டை எடுத்துத் தரச் சொல்லி மாமாவைக் கூப்பிட்டேன். மாமா, செழியனின் அப்பா. மன்னார்குடியில் முப்பத்தோரு வருடம் பஸ் கண்டக்டர். அக்டோபரிலிருந்து எங்களோடு இருக்கிறார்.

"ஏம்மா, அரிசி எடுக்கணும்னா மட்டும் என்னையே கூப்பிடுறியே. எழுவத்துநாலு வயசுக் காலும்மா இது."

"முட்டி வலி மாமா."

"எந்த முட்டி?"

வலது என்றேன். போன வாரம் இடது என்று சொன்னேனாம். நெரிசலில் டிக்கெட் எடுக்காதவன் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்த மனுஷன். மூட்டையை எடுத்துக் கொடுத்து, என் இரண்டு முட்டியையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

மார்ச் 29, சனி

இந்த ஊரில் சனிக்கிழமைதோறும் மதியம் பன்னிரண்டு மணிக்கு டொர்னேடோ சைரனை ஊதிச் சோதித்துப் பார்க்கிறார்கள். முதல் தடவை நான் கையிலிருந்த கரண்டியைப் போட்டுவிட்டேன். மாமாவுக்கோ ஒரே சந்தோஷம். "அட, இங்கயும் முனிசிபாலிட்டி சங்கு ஊதுறானா!" என்றார்.

அன்றைக்கு ஆரம்பித்தது. சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் இப்போது சங்கின்படி நடக்கிறது. பதினொரு மணிக்கு உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை நல்லெண்ணெய். பிறகு துண்டோடு பின்பக்கத்து வெயிலில் நாற்காலி. எதிர்வீட்டு டார்லா ஒரு நாள் தெருவிலிருந்து பக்கவாட்டு வேலி வழியாகப் பார்த்துக் கையசைத்தாள், இவரும் அசைத்தார். சங்கு ஊதியதும் எழுந்து குளியலறைக்குள் போவார். வாளி, சொம்பு, சீயக்காய், ஒரு மணி நேரம். வெளியே வரும்போது ரசம் சூடாக இருக்க வேண்டும்.

மகள் நிறைமதிக்கு ஏழரை வயது. "தாத்தா, எல்லாருக்கும் சைரன்னா டேஞ்சர், உங்களுக்கு மட்டும் ஷாம்பூ" என்றாள்.

ஏப்ரல் 3, வியாழன்

டார்லா வந்தாள். கையில் ஒரு படிவம். வீட்டில் பதுங்குகுழி இருந்தால் ஊர் அலுவலகத்தில் பதிந்துவைக்க வேண்டுமாம். எதற்கு என்று நிறை கேட்டாள். மேலே வீடு இடிந்து விழுந்தால் எங்கே தோண்டுவது என்று தெரிய வேண்டுமே என்று டார்லா சாதாரணமாகச் சொன்னாள். அவளுடைய பழைய வீடு அப்படி ஒரு முறை போயிருக்கிறது. நான் காப்பி போடப் போய்விட்டேன்.

கதவைத் திறந்து காட்டினேன். ஏழு மூட்டை அரிசியைப் பார்த்து, "எத்தனை மாதம் ஒளிந்திருப்பதாக உத்தேசம்?" என்று கேட்டாள். சிரிப்பு அடங்கியதும் வரிசையாகச் சொன்னாள். செருப்பு கூடாது, ஷூ போட வேண்டும். தலைக்கு சைக்கிள் ஹெல்மெட். குடிக்கத் தண்ணீர். கூப்பிட ஒரு விசில். வானம் சரியில்லாத சனிக்கிழமைகளில் சோதனை ஊத மாட்டார்கள். அன்றைக்கு ஊதினால் அது நிஜம். இதை மாமாவிடம் சொல்ல வேண்டும்.

போகும்போது, ஒத்திகை பார்த்தவர்கள்தான் நேரத்துக்கு உள்ளே போய்ச் சேருகிறார்கள் என்றாள். என்னைப் பார்த்துச் சொன்ன மாதிரி இருந்தது.

ஏப்ரல் 6, ஞாயிறு

காலி செய்தாயிற்று. செழியன் கீழே நின்று கொடுத்தார், நான் மேலே நின்று வாங்கினேன். ஐந்து மூட்டை நிறையின் துணி அலமாரியில். அவளுடைய பள்ளிக்கூடச் சட்டை இனிமேல் புளி வாசம் அடிக்கும். இரண்டு மூட்டையைக் குழியிலேயே விட்டுவிட்டேன், மாமாவுக்குக் கால் வைக்க உயரம் வேண்டும் என்று ஒரு காரணம் சொல்லி. முழுசாகத் தோற்க எனக்கு மனசில்லை.

"நீயும் ஒருதடவை இறங்கிப் பாரேன்" என்றார் செழியன். சாம்பார் அடிப்பிடிக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

தினம் ஒரு படி. ஏழு படிதானே. யாருக்கும் சொல்லப்போவதில்லை.

ஏப்ரல் 7, திங்கள்

ஒரு படி.

ஏப்ரல் 8, செவ்வாய்

இரண்டு. மாவு அரைத்தேன். உளுந்து சரியாகப் பொங்கவில்லை.

ஏப்ரல் 9, புதன்

மூன்று. பால் பொங்கி வழிகிற சத்தம் கேட்டு மேலே ஓடிவந்தேன். அடுப்பில் பால் இல்லை.

ஏப்ரல் 10, வியாழன்

இன்றைக்கும் மூன்றுதான். கிளினிக்கில் ஒரு பையன் ஊசிக்குப் பயந்து, காத்திருக்கும் நாற்காலியை விட்டு இறங்கவே மாட்டேன் என்றான். "பயமா இருந்தா கண்ணை மூடிக்காத, திறந்து வச்சுக்க" என்று பெரிய மனுஷி மாதிரி அவனுக்குச் சொன்னேன். எனக்கே வெட்கமாக இருந்தது.

ஏப்ரல் 14, திங்கள்

வருஷப் பிறப்பு. வடை, பாயசம், மாங்காய்ப் பச்சடி. மாங்காய் கிடைக்கவில்லை, பச்சை ஆப்பிள் போட்டேன். மாமா ஒரு வாய் வைத்துவிட்டு, "வருஷம் இப்படித்தான் இருக்கும்போல" என்றார்.

சாப்பாட்டுக்குப் பிறகு ஏழு படியும் இறங்கினேன். பெஞ்சில் உட்கார்ந்தேன். இரண்டு நிமிடம். மேலே மாமாவின் தலை தெரிந்தது.

"அங்க என்னம்மா பண்றே?"

"அரிசி இருக்கான்னு பாக்குறேன் மாமா."

"காலையிலதானே ஒரு மூட்டை பிரிச்சே."

மூட்டையைத் தட்டிப் பார்த்தேன். அவர் போகவில்லை. கதவோரம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பேப்பர் படிக்கிற மாதிரி உட்கார்ந்துகொண்டார். இன்னும் ஐந்து நிமிடம் இருந்துவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு

முதல் ஒத்திகை. மாமா சட்டைப் பையிலிருந்து தன் பழைய கண்டக்டர் விசிலை எடுத்தார். ரிட்டையர் ஆன அன்று எல்லாவற்றையும் ஒப்படைத்தவர் அதை மட்டும் கொடுக்கவில்லையாம். "எச்சிப் பண்ணுனதை எவன் வாங்குவான்?" என்றார். அதை நிறையின் கழுத்தில் மாட்டிவிட்டார்.

"பாரு கண்ணு, ஒரு விசில் குடுத்தா வண்டி நிக்கணும். ரெண்டு விசில்னா ரைட், வண்டி கிளம்பிரும். அதுக்கப்புறம் எவனும் படியில தொங்கக் கூடாது."

அதற்குப் பிறகு எங்களை ஏற்றினார். அதைப் பார்க்க வேண்டும். "உள்ள போங்க, உள்ள போங்க, உள்ள எடம் கிடக்கு. படியில நிக்காதீங்க. அம்மா, பையத் தூக்கி மடியில வச்சுக்க." மூன்று பேர்தான். அறுபது பேர் முண்டியடிக்கிற மாதிரி கத்தினார். செழியன் போன் கேமராவில் பார்த்துக்கொண்டிருந்தார், டெக்சஸிலிருந்து சிரிப்புச் சத்தம் மட்டும் வந்தது. சைரன் என்று நான் சொன்னதிலிருந்து மூவரும் உட்கார ஒரு நிமிடம் நாற்பது நொடி.

நிறை இரண்டு விசில் கொடுத்தாள். கதவைச் சாத்த வேண்டியது நான். கை எண்ணெய்ப் பிசுக்காக இருந்தது, பிடி கிடைக்கவில்லை. அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.

ஏப்ரல் 26, சனி

இரண்டாவது ஒத்திகை. ஒரு நிமிடம் பத்து நொடி. கதவு இறுகியிருக்கிறது, அசையவில்லை.

நிறை எட்டி ஒரே கையால் இழுத்துச் சாத்தினாள். "ஈஸிதான்மா" என்றாள்.

மாமா என் கையைப் பார்த்தார். நான் கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டேன். துடைக்க ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 30, புதன்

தனியாகப் பயிற்சி. எல்லோரும் வெளியே போயிருந்தார்கள். கதவு கால்வாசி வரை.

மே 2, வெள்ளி

பாதி. இழுக்கும்போது கத்தரிக்காய்க்குழம்பு செய்முறையை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே இழுத்தேன். யாராவது கேட்டிருந்தால் டாக்டரிடம் கூட்டிப் போயிருப்பார்கள்.

மே 7, புதன்

முக்கால். குழம்பு கொதித்து இறக்கியாயிற்று, கடைசி ஒரு சாண் மட்டும் நகர மாட்டேன் என்கிறது. கதவில் ஒரு கோளாறும் இல்லை. இதை எழுதிவிட்டேன், அதுவே பெரிய விஷயம்.

மே 16, வெள்ளி

நாளைக்கு வானிலை மோசம். பிற்பகல் மூன்று மணிக்கு மேல் டொர்னேடோ வரலாம் என்று டிவியில் ஒருவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு பேசுகிறார். அவர் கோட்டைக் கழற்றினால் நிலைமை சரியில்லை என்று அர்த்தமாம், டார்லா சொன்னாள். செழியனால் வர முடியவில்லை, அங்கேயும் காற்று.

"வேதா, நீதான் கதவைச் சாத்தணும். சாத்திருவேல்ல?"

"சாத்திருவேன்."

போனை வைத்துவிட்டு எழுதுகிறேன். எழுதினால்தான் நாளைக்குக் கை வேலை செய்யும் என்று தோன்றுகிறது.

கஜா புயலின்போது நான் வேதாரண்யத்துக்குப் பக்கத்தில் அம்மா வீட்டில் இருந்தேன். நிறைக்கு ஒரு வயது. ஓட்டு வீடு. காங்கிரீட் போட்டது புதிதாகக் கட்டிய குளியலறை மட்டும்தான், அது கொல்லையில் தனியாக நின்றது. ஓடு பறக்க ஆரம்பித்ததும் அம்மா என்னையும் குழந்தையையும் அதற்குள் தள்ளினாள். "ஆட்ட அவுத்து விட்டுட்டு வந்துர்றேன். நான் வரலைன்னா கதவச் சாத்திக்க" என்றாள். கட்டிக்கிடந்தவை இரண்டு ஆடு.

அம்மா வரவில்லை. காற்று உள்ளே வந்து குழந்தையைப் பிடுங்கியது. நான் சாத்தினேன். தாழும் போட்டேன். கொஞ்ச நேரத்தில் கதவு தடதடத்தது. காற்றா, அம்மாவா, தெரியவில்லை. நான் திறக்கவில்லை. பிறகு மனசு கேட்காமல் தாழை எடுத்துத் தள்ளியபோது கதவின்மேல் தென்னை மரம் கிடந்தது. விடிந்துதான் வெட்டி எடுத்தார்கள். அம்மா கதவுக்கு ஆறடியில் கிடந்தாள். ஆடு இரண்டும் பிழைத்துக்கொண்டன.

அம்மா வருவதற்குள் மரம் விழுந்துவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னேன். செழியனிடமும் அதையே சொன்னேன். தாழ் போட்டதை யாரிடமும் சொல்லவில்லை. ஆறரை வருடமாக அந்தத் தடதடப்பைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எனக்குக் குழியும் பயமில்லை, இருட்டும் பயமில்லை. சாத்துகிற என் கைதான் பயம்.

நாளைக்கு மூன்று பேரும் உள்ளே வந்த பிறகுதான் கதவு சாத்தப்படும். வெளியே ஒருத்தரும் நிற்கக் கூடாது. அதற்காகத்தான் இந்த ஒத்திகை எல்லாம். நான் பார்த்துக்கொள்கிறேன்.

மே 17, சனி, காலை

தண்ணீர், டார்ச், மூன்று ஹெல்மெட், மாமாவின் பிரஷர் மாத்திரை, எல்லாம் கீழே வைத்தாயிற்று. ஷூ கராஜ் வாசலில். வானம் பச்சையும் சாம்பலுமாக ஒரு நிறம். மாமா எண்ணெய்க் கிண்ணத்தோடு வருகிறார். இன்றைக்கு வேண்டாம் என்றால் கேட்கவில்லை. "மூணு மணிக்குத்தானேம்மா சொல்றான். அதுக்குள்ள குளிச்சுச் சாப்பிட்டு ஒரு தூக்கமும் போட்டுருவேன்."

மே 18, ஞாயிறு

டார்லாவின் சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். டைரி ஈரமாகிவிட்டது. பல் இன்னும் சிரிக்கிறது.

பன்னிரண்டு அடிக்க மூன்று நிமிடம் இருக்கும்போது சைரன் ஊதியது. உண்மையைச் சொல்கிறேன்: நானும் சோதனை என்றுதான் நினைத்தேன். இத்தனை சனிக்கிழமை கேட்டுக் கேட்டுக் காது பழகிவிட்டது. தோசையைத் திருப்பிப் போட்டேன். வெயில் இல்லாததால் கராஜில் நாற்காலி போட்டு ஊறிக்கொண்டிருந்த மாமா எழுந்து வந்து, "சங்கு மூணு நிமிஷம் முன்னாடியே ஊதிட்டான், அவனுக்கு என்ன அவசரமோ" என்று சொல்லிக்கொண்டே குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டார். அப்போதுதான் என் போன் அலறியது. எங்கள் ஊர்ப் பெயர். உடனே ஒளிந்துகொள்ளுங்கள். ஒன்பது நிமிடம்.

வானம் சரியில்லாத சனிக்கிழமையில் ஊதினால் அது நிஜம். டார்லா சொன்னாள், நான் இந்த டைரியில் எழுதினேன், மாமாவிடம் சொல்லவில்லை. ஆறு வாரம் படி படியாக எண்ணிக்கொண்டிருந்தேன், இந்த ஒரு வார்த்தையை மறந்தேன்.

அடுப்பை அணைத்தேன். நிறையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஹெல்மெட் மாட்டி ஏழு படியும் இறக்கி பெஞ்சில் உட்காரவைத்தேன்.

"தாத்தா எங்கம்மா?"

"கூட்டிட்டு வர்றேன். நீ இருநூறு எண்ணு. நான் வரலைன்னா ரெண்டு விசில் குடுத்துட்டுக் கதவைச் சாத்திக்க."

சொல்லி முடித்த பிறகுதான் என் காதில் விழுந்தது. அதே வார்த்தை, அதே குரல். நிறை தலையாட்டினாள். நானும் அன்றைக்கு இப்படித்தான் தலையாட்டியிருப்பேன்.

குளியலறைக் கதவை இரண்டு கையாலும் இடித்தேன். உள்ளே குழாய் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

"மாமா! வாங்க! நிஜமா வருது!"

"என்னது?"

"டொர்னேடோ மாமா!"

"மூணு மணிக்குத்தானே? சீயக்கா போட்டுட்டேன்மா, ரெண்டு சொம்பு ஊத்திட்டு வர்றேன், போ."

இடித்தேன், கத்தினேன், கதவை உதைத்தேன். வீட்டுக்கு வெளியே சரக்கு ரயில் ஒன்று புறப்படுகிற மாதிரி ஓர் உறுமல். எங்கள் பக்கத்தில் ரயில் பாதையே கிடையாது. கூடத்து ஜன்னலில் ஏதோ மோதி உடைந்தது. வாய்க்கு வந்த திட்டு எல்லாம் திட்டினேன், மாமாவை அப்படி நான் ஒரு நாளும் பேசியதில்லை. உள்ளே சொம்புச் சத்தம்தான் கேட்டது.

அப்போது கராஜிலிருந்து விசில். ஒன்று. உடனே இன்னொன்று.

குழாய் நின்றது.

"எவன்டா ரைட் குடுத்தது? நான் இன்னும் ஏறல!"

கதவு படாரென்று திறந்தது. இடுப்பில் துண்டு, தலை முழுக்கச் சீயக்காய், ஒரு கண் மூடி ஒரு கண் திறந்து மாமா வெளியே வந்தார். சைரனுக்கு வராதவர், மருமகள் கதறியதற்கு வராதவர், இரண்டு விசிலுக்கு வந்துவிட்டார். வந்தது மட்டுமில்லை, ஓடினார். எண்ணெய்க் கால் தரையில் வழுக்க வழுக்க, நான் முழங்கையைப் பிடித்துக்கொள்ள, வண்டி கிளம்பிவிட்டதே என்று ஓடினார்.

கராஜில் குழிக் கதவு சாத்தியிருந்தது.

அதைப் பார்த்த நொடியை எழுதத்தான் இன்று உட்கார்ந்தேன். நான் பயப்படவில்லை. "அப்பாடா, சாத்திட்டா" என்று நினைத்தேன். மேலே கூரை பிய்கிற சத்தம் கேட்கிறது, நான் வெளியே நிற்கிறேன், என் நெஞ்சு குளிர்ந்துபோயிற்று. என் பிள்ளை உள்ளே இருக்கிறாள், தாழ் போட்டிருக்கிறாள், சொன்னபடி செய்திருக்கிறாள். நான் தட்டி, காற்று என்று நினைத்து அவள் திறக்காமல் போயிருந்தாலும் அவள்மேல் எனக்கு ஒரு சொட்டுக் கோபம் வந்திருக்காது. திறக்காதே, அப்படியே இரு என்றுதான் ஒரு மனசு சொன்னது.

அம்மா அந்தக் கொல்லையில் நின்று என்ன நினைத்திருப்பாள் என்று ஆறரை வருடம் யோசித்தேன். நேற்று அவள் நின்ற இடத்தில் நானே நின்றேன். தெரிந்துவிட்டது.

ஆனால் மாமா தட்டிவிட்டார். காலால். "ஏய் கண்ணு, ஆள் இருக்கு, ஹோல்டான்!" ஹோல்டான் என்ற வார்த்தையைக் காற்று சொல்லாது என்று நிறைக்குத் தெரியும். தாழ் விலகியது. கதவு நகர்ந்தது. எண்ணெய்க் காலோடு இரும்புப் படியில் இறங்கினால் விழுந்துவிடுவார் என்று மாமாவை உட்காரவைத்து, ஒவ்வொரு படியாகச் சறுக்கவிட்டேன். கடைசியில் அரிசி மூட்டைமேல் போய் விழுந்தார். நான் வைத்த அரிசிதான்.

மூன்று பேரும் உள்ளே. நிறை, மாமா, நான். வெளியே ஒருத்தரும் இல்லை. கைப்பிடியைப் பிடித்து இழுத்தேன். கால்வாசி, பாதி, முக்கால், அந்தக் கடைசி ஒரு சாண். குழம்பு எதுவும் தேவைப்படவில்லை. தாழ் போட்டேன்.

இருட்டில் நிறை என் மடியில் விழுந்து அழுதாள். "இருநூறு வந்துடுச்சும்மா. நீ வரல. நான் சாத்திட்டேம்மா. உன்ன வெளிய விட்டுட்டு நான் சாத்திட்டேம்மா."

"சரியாத்தான் செஞ்சே" என்றேன். "அம்மா சொன்னதைத்தானே செஞ்சே. அம்மாவுக்கு அதுதான் வேணும். நீ தப்பே பண்ணல, கண்ணு. கேக்குதா? தப்பே பண்ணல."

திரும்பத் திரும்பச் சொன்னேன். அவள் அழுகையை நிறுத்திய பிறகும் சொல்லிக்கொண்டிருந்தேன். மாமா எட்டி என் தலையில் ஈரக் கையை வைத்தார்.

பிறகு காது அடைத்தது. கதவு அதிர்ந்தது, தடதடவென்று அடித்துக்கொண்டது. இந்த முறை எனக்குச் சந்தேகமே இல்லை, அது காற்று. நான்கு நிமிடம் இருக்கும். அந்த நான்கு நிமிடமும் மாமா சீயக்காய் கண்ணில் இறங்கி ஐயோ அம்மா என்று துள்ளினார், நிறை குடிதண்ணீர் பாட்டிலைத் திறந்து அவர் கண்ணைக் கழுவினாள். டார்லாவின் பட்டியலில் இதற்குத் தண்ணீர் ஒதுக்கவில்லை.

சத்தம் நின்றதும் மாமா கேட்டார். "எல்லாரும் ஏறியாச்சுல்ல?"

"ஏறியாச்சு மாமா."

கதவைப் பாதி வரைதான் திறக்க முடிந்தது, மேலே கராஜ் ஷட்டர் மடங்கிக் கிடந்தது. நிறை விசில் ஊதிக்கொண்டே இருந்தாள். அரை மணி நேரத்தில் டார்லாவும் இன்னும் இரண்டு பேரும் வந்து இழுத்துப்போட்டார்கள். துண்டோடு மேலே வந்த மாமாவைப் பார்த்து டார்லா தன் கோட்டைக் கழற்றிப் போர்த்தினாள். தெருவின் அந்தப் பக்கத்து வீடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. எங்கள் வீட்டில் கூடம் பாதி இருக்கிறது. குளியலறைக்குக் கூரை இல்லை, ஒரு பக்கத்துச் சுவரும் இல்லை. வாளி மட்டும் நிறைய தண்ணீரோடு அப்படியே நின்றது. சீயக்காய் டப்பா மூடிகூடக் கழன்றிருக்கவில்லை. மாமா அதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் உட்கார்ந்துவிட்டார்.

மே 20, செவ்வாய்

செழியன் வந்துவிட்டார். தாழ் போட்டதை அவரிடம் சொன்னேன். கதவு தடதடத்ததையும் சொன்னேன். அவர் வெகுநேரம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். "அன்னைக்கு நீ திறந்திருந்தா நிறை இருந்திருக்க மாட்டா" என்றார். அது எனக்குத் தெரியும். ஆனாலும் இன்னொருத்தர் வாயிலிருந்து கேட்க வேண்டியிருந்தது.

காப்பீட்டுக்காரர் வந்து போட்டோ எடுத்தார். வீடு முழுக்க ஏன் இவ்வளவு அரிசி சிதறிக் கிடக்கிறது என்று கேட்டார்.

மே 24, சனி

வீட்டுக்கு நீலத் தார்ப்பாய் போட்டிருக்கிறார்கள். துணிமணி எடுக்க வந்தோம். நல்ல வெயில். மாமா எண்ணெய் தேய்க்கவில்லை. பன்னிரண்டு மணிக்குச் சங்கு ஊதியதும் எல்லோருக்கும் முன்னால் ஓடிப்போய்க் குழி வாசலில் நின்றுகொண்டார்.

"சும்மா சோதனைதான் மாமா, வானம் வெளுப்பா இருக்கு."

"இருக்கட்டும்மா. ஊதுனா ஏறிரணும்."

அவரை வெளியே செழியனோடும் நிறையோடும் நிற்கச் சொல்லிவிட்டு நான் மட்டும் இறங்கினேன். ஒரு வேலை பாக்கி இருந்தது. கதவை ஒரே இழுப்பில் சாத்தினேன், தாழ் போட்டேன். மேலே சங்கு ஊதிக்கொண்டிருந்தது, மூன்று பேர் பேசுவதும் கேட்டது. பெஞ்சில் உட்கார்ந்து சத்தமாகவே சொன்னேன்.

"சாத்திட்டேம்மா."